கொட்டியாரத்தின் தூதர்

திருக்கோணமலை என்னும் பெயர் செவியில் விழுந்தவுடன் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒவ்வொரு காட்சி எழும். சைவ அன்பர்க்குச் சுவாமிமலைப் பாறையும் திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலும் தோன்றும். போர் வரலாறு கற்றோர்க்கு 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்த துறைமுகமும், 1957 இல் ஆங்கிலேயர் ஒப்படைத்துச் சென்ற கடற்படைத் தளமும் தோன்றும். வல்லரசுகள் கண்வைத்த துறைமுகம் ஆதலால் அதன் புகழ் உலகெங்கும் பரந்தது. ஆயின், அத்துறைமுகத்தின் கரையில் நின்று தெற்கே நோக்கினால், நீலக் குடாவுக்கு அப்பால் மைதீட்டிய கோடுபோல் ஒரு கரை தெரியுமே, அக்கரையைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

அதுவே கொட்டியாரப் பற்று. மகாவலி கங்கை மலைநாட்டிற் பிறந்து, நெடுவழி நடந்து, கடலொடு கலக்குமிடம் அக்குடாவேயாம். அதன் கிளையாகிய வெருகலாறு தெற்கெல்லையாக ஓடுகின்றது. மூதூர், தோப்பூர், சம்பூர், மல்லிகைத்தீவு, கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று என்னும் ஊர்கள் வயலும் குளமும் களப்புமாக அங்கே கிடக்கின்றன. 1660 இல் இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டது அக்கொட்டியாரத்திலேதான். ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்து தப்பிச் சென்று அவர் 1681 இல் வெளியிட்ட நூலினால் அக்கரையின் பெயர் மேனாட்டார்க்குத் தெரிந்தது. நம்மவர்க்கோ இன்றும் அது பெரும்பாலும் தெரியாத கரையே.

நகரிலிருந்து அக்கரைக்குச் செல்வதற்கு முன்னாளில் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, குடாவைக் குறுக்கறுத்து மூதூருக்கு ஓடும் லோஞ்சு. மற்றொன்று, கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி எனத் துறைதோறும் இறங்கி ஏறி, ஊரார் ‘பாதை’ என்று வழங்கும் மிதவையிற் கடந்து செல்லும் தரைவழி. கடல் கொந்தளித்தால் முதல்வழி அடைபடும். ஆறு பெருகினால் இரண்டாவதும் அடைபடும். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அத்துன்பம் பெரிதும் தீர்ந்தது. மாரிகாலத்திற் பிள்ளைப்பேற்றுக்காக நகர வைத்தியசாலை நோக்கிப் புறப்பட்ட ஒரு கிராமத்துப் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தால், அக்கரை மக்களுக்கு அரசு எத்துணைத் தொலைவில் இருந்தது என்பது விளங்கும்.

இத்தகைய கரையிலிருந்து பாராளுமன்றஞ் சென்ற ஒருவரின் அரசியல் வாழ்வையே இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது. அவர் கிளிவெட்டி ஊரவராகிய அருணாசலம் தங்கத்துரை அவர்கள். 1936 இல் தோன்றி 1997 இல் மறைந்தவர். அவர் புகழ் பாடுதல் நம் நோக்கமன்று. நாட்டுப்புறத்து மக்கட் பிரதிநிதி என்பவர் யார், அவரை ஆக்குவன எவை, அழிப்பன எவை என்பதை அவ்வாழ்வை விளக்காகக் கொண்டு காண்பதே நோக்கம்.

தூதும் அவையும்

திருக்குறட் பொருட்பாலிலே அமைச்சியல் என்னும் பகுதியில் 69 ஆம் அதிகாரம் ‘தூது’. 72 ஆம் அதிகாரம் ‘அவையறிதல்’. 73 ஆம் அதிகாரம் ‘அவையஞ்சாமை’. குடியரசு என்னும் ஆட்சிமுறை தோன்றாத காலத்து நூல் அது. அங்கே தூதுவன் அரசனால் அனுப்பப்படுபவன். வேற்றரசன் அவையில் நின்று தன்னரசன் கருத்தைச் சொல்பவன். அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றமையைப் புறநானூறு கற்றோர் அறிவர்.

இக்காலத்து மக்களாட்சியில் அத்தூது திசை மாறி நிற்கின்றது. மக்கள் தம்முள் ஒருவரைத் தெரிந்து ஆள்வோர் அவைக்கு அனுப்புகின்றனர். அனுப்புவோர் குடிகள், கேட்போர் ஆட்சியாளர். ஆகவே பாராளுமன்ற உறுப்பினர்க்குத் தூதிலக்கணமும் வேண்டும், அவையிலக்கணமும் வேண்டும். நகரத்துப் பிரதிநிதிக்குப் பத்திரிகைகளும் சங்கங்களும் வழக்கறிஞரும் துணைக்குரல் கொடுப்பர். கிராமத்துப் பிரதிநிதிக்கு அத்துணை இல்லை. அவர் வாய் திறவாவிடின் அந்த ஊரே ஊமையாகும்.

அவர் செய்யும் பணியும் வேறுவகையது. காணிக் கச்சேரியில் ஓர் ஏழைக் கமக்காரனுக்கு அனுமதிப் பத்திரம் கிடைக்க வேண்டும். உடைந்த குளக்கட்டு விதைப்புக்கு முன் திருத்தப்பட வேண்டும். ஆசிரியரின்றிக் கிடக்கும் பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டும். துறையிலே பழுதுற்ற பாதை ஓட வேண்டும். இவையெல்லாம் சிறியனவாகத் தோன்றலாம். ஆயின், அரசு என்னும் பெருமரத்தின் வேர், குடிமகனின் வாசலைத் தொடுவது இச்சிறு காரியங்களினூடாகவே.

இரண்டு வாக்குக்களின் கணக்கு

தங்கத்துரை அவர்கள் முதன்முறை பாராளுமன்றஞ் சென்ற வழி, இன்று பலர் மறந்துவிட்ட ஓர் ஏற்பாட்டினால் திறந்தது. அஃது இரட்டை அங்கத்தவர் தொகுதி.

சோல்பரி அரசியற்றிட்டம் தொகுதி வகுப்பதற்கு இரண்டு நல்ல விதிகளை வகுத்தது. முதலாவது, குடிசனத்தொகையை மட்டும் பாராது நிலப்பரப்பையும் பார்த்தல். 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பதோடு, ஆயிரஞ் சதுரமைல் நிலத்துக்கும் ஓர் உறுப்பினர் என்று கொண்டது. அவ்வாறு நிலப்பரப்பிற்கென ஒதுங்கிய ஆசனங்கள் 25. அவற்றுள் கிழக்கு மாகாணத்துக்குக் கிடைத்தவை 4. மக்கள் அடர்ந்து வாழாத நாட்டுப்புறம் நகரத்தின் தொகையால் நசுக்குண்ணாதிருக்க இவ்விதி உதவிற்று. இரண்டாவது, வெவ்வேறு சமூகத்தார் கலந்து வாழும் இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரை அனுப்பும் தொகுதிகளை அமைத்தல்.

இவ்விதிகளின் வழிவந்த 1959 ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தின்படி நாடு 145 தொகுதிகளாகியது. உறுப்பினர் தொகை 151. கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர் தொகுதி. கொழும்பு தெற்கு, அக்குறணை, மட்டக்களப்பு, மூதூர் என்னும் நான்கும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள். கொட்டியாரத்துத் தமிழரும் முஸ்லிம்களும், கிண்ணியா முஸ்லிம்களும், குடியேற்றத் திட்டங்களில் வந்து சேர்ந்த சிங்கள மக்களும் ஒருங்கு வாழ்ந்த மூதூர்த் தொகுதிக்கு அவ்வேற்பாடு பொருத்தமுடையதாயிற்று.

அதன் பொறிமுறையை மாணவர் விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குக் காட்டுவோம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குக்கள். இரண்டையும் ஒருவருக்கே அளிக்கலாம்; இருவருக்குப் பகிர்ந்தும் அளிக்கலாம். ஒரு தொகுதியில் 900 வாக்காளர் உளர் எனக் கொள்வோம். அவருள் 310 பேர் ஒரு சமூகத்தார். அவர்கள் தம் இரண்டு வாக்குக்களையும் ஒருவருக்கே அளித்தால் அவர் பெறுவது 620. எஞ்சிய 590 பேர் தம் 1,180 வாக்குக்களை இருவருக்குச் சரிபாதியாகப் பகிர்ந்தால் ஒவ்வொருவரும் பெறுவது 590. ஆகவே மூன்றிலொரு பங்கினும் சற்று மேற்பட்டவர், பெரும்பான்மையோரின் தயவை வேண்டாமல், தமக்கென ஓர் ஆசனத்தை வெல்லலாம். பெரும்பான்மையோர்க்கும் இழப்பில்லை, அவர்தம் பங்காகிய மற்றோர் ஆசனம் அவர்க்கே உரியது. ஒருவர் வெற்றி மற்றவர் தோல்வியாக வேண்டிய கட்டாயம் அங்கு இல்லை. அயலூரவர் இருவர் ஒரே வாய்க்காலின் நீரை முறைவைத்துப் பாய்ச்சுவது போன்றது அது.

1960 இல் தமிழரசுக் கட்சியின் ஏகாம்பரம் அவர்கள் மூதூரின் உறுப்பினராகியது இவ்வமைப்பின்கீழேயே. பத்தாண்டின் பின் அதே வழியில் தங்கத்துரை அவர்கள் சென்றார்.

1970 முதல் 1977 வரை

1970 மே மாதப் பொதுத் தேர்தலில் மூதூரின் முதலாம் உறுப்பினராகத் தெரிவானவர் கிண்ணியாவைச் சேர்ந்த அ. லெ. அப்துல் மஜீத் அவர்கள். சிறீலங்கா சுதந்திரக் கட்சியினர். இரண்டாம் உறுப்பினராகத் தெரிவானவர் தமிழரசுக் கட்சி அபேட்சகராகிய தங்கத்துரை அவர்கள். அத்தேர்தலில் தமிழரசுக் கட்சி நாடெங்கும் பெற்ற ஆசனங்கள் 13. ஆட்சியமைத்த ஐக்கிய முன்னணியோ மூன்றிலிரண்டு பெரும்பான்மை பெற்றிருந்தது.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. ஒரே தொகுதியின் முதலாம் உறுப்பினர் ஆளுங்கட்சியில். இரண்டாம் உறுப்பினர் எதிர்க்கட்சியில். கொட்டியாரத்துக் கமக்காரனுக்கு அரசின் வாசலும் திறந்திருந்தது. அரசைக் கண்டித்துக் கேட்கும் வாயும் இருந்தது. ஒரு வாசலில் வேண்டுகோள். மற்றொரு வாசலில் முறைப்பாடு. சிறிய ஊர்களுக்கு இதனினுஞ் சிறந்த அமைப்பு யாது?

எனினும், எதிர்க்கட்சியிலிருக்கும் கிராமத்துப் பிரதிநிதியின் கை அக்காலத்திற் கட்டுண்டே இருந்தது. 1973 இல் மாவட்ட அரசியல் அதிகாரி என்னும் முறை வந்தது. அரசாங்கக் கட்சி உறுப்பினர் ஒருவர் மாவட்ட நிருவாகத்தின்மேல் அமர்த்தப்பட்டார். மறுவருடம் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டம் வந்தது. தெரு, மதகு, பாடசாலைக் கட்டடம் முதலியவற்றுக்குப் பணம் அரசியல்வாதியின் பரிந்துரையோடு இணைந்தது. ஊருக்கு ஒரு கிணறு வேண்டுமாயின் ஆளுங்கட்சி முகத்தை நோக்க வேண்டிய நிலை உருவாயிற்று. கொள்கைக்கு வாக்களித்த மக்கள் குடிநீருக்குத் தவிப்பதா, குடிநீருக்காகக் கொள்கையை நெகிழ்ப்பதா என்னும் இக்கட்டு, நாட்டுப்புறத் தமிழ்ப் பிரதிநிதி ஒவ்வொருவரையும் அன்று வருத்திற்று.

கொள்கைப் போராட்டமோ நாளுக்கு நாள் முறுகியது. 1972 மே 14 இல் தமிழர் கட்சிகள் ஒன்றுகூடித் தமிழர் கூட்டணியை அமைத்தன; அக்கூட்டம் நடைபெற்ற இடம் திருக்கோணமலையே. எட்டாம் நாள், மே 22 இல், சோல்பரித் திட்டம் நீங்கிக் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. பழைய யாப்பில் சிறுபான்மையினர்க்கு அரணெனக் கருதப்பெற்ற 29 ஆம் பிரிவு அதனொடு மறைந்தது. புதிய யாப்பு அக்காலப் பாராளுமன்றத்தின் ஆயுளையும் நீட்டியது. ஆதலால் ஐந்தாண்டுக்கென அனுப்பப்பட்ட தங்கத்துரை அவர்கள் 1977 வரை ஏழாண்டு உறுப்பினராயிருந்தார். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டையிலே கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியதும் அக்காலத்திலேயே.

கோடு மாறிய கதை

தமிழர்தம் அரசியலில் பெரும் பேச்சு மொழியைப் பற்றியும் யாப்பைப் பற்றியும் நிகழ்ந்தது. ஆயின், கொட்டியாரத்து விதியை மாற்றியவை இரண்டு அமைதியான செயல்கள்: நிலத்தின்மேற் கொண்ட குடியேற்றம் ஒன்று, படத்தின்மேல் இழுத்த கோடு மற்றொன்று.

1950 களில் அல்லைக் குளத்தையும் வெருகலாற்று நீரையும் ஆதாரமாகக் கொண்டு அல்லை விரிவாக்கத் திட்டம் வந்தது. காடு கழனியாயிற்று. நீர் வந்தது நன்று. நெல் விளைந்தது நன்று. ஆயின் நீரொடு வந்த குடியேற்றம் மாவட்டத்தின் இனவிகிதத்தை மாற்றிற்று. கந்தளாயிலும் அவ்வாறே. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராய் நின்றனர். வெளிமாவட்டத்து ஏழைக் கமக்காரன் நிலந்தேடி வந்ததிற் பிழை காணல் முறையன்று. உள்ளூர் மக்களைக் கலந்து பேசாது அவர்தம் எதிர்காலத்தைத் தலைநகரிலிருந்து தீர்மானித்ததே பிழை.

1976 ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயம் அம்மாற்றத்துக்கு அரசியல் வடிவு தந்தது. உறுப்பினர் தொகை 168 ஆகப் பெருகியது, தொகுதிகள் 160. மாவட்டத்திற் சேருவில என்னும் புதிய தொகுதி தோன்றியது. மூதூர் தன் இரட்டை அங்கத்தவர் நிலையை இழந்து ஓரங்கத்தவர் தொகுதியாயிற்று. மட்டக்களப்பில் இரட்டை அங்கத்தவர் முறை நிலைத்தது. பொத்துவில், பேருவளை, ஹாரிஸ்பத்துவ முதலிய இடங்களுக்குப் புதிதாக அளிக்கப்பட்டது. மூன்று சமூகத்தார் கலந்து வாழ்ந்த மூதூருக்கோ அது மறுக்கப்பட்டது.

பயன் யாது? 1977 யூலைத் தேர்தலில் திருக்கோணமலைத் தொகுதியில் இரா. சம்பந்தன் அவர்கள் தெரிவானார். மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியைச் சேர்ந்த மு. எ. ஹ. மஹ்றூப் அவர்கள் வென்றார். சேருவிலத் தொகுதி அதே கட்சியின் லீலாரத்ன அவர்களுக்குச் சென்றது. மாவட்டத்துக்கு மூன்று உறுப்பினர், மூன்று சமூகம், ஆளுக்கு ஒருவர். கணக்குப் பார்ப்போர்க்கு இது நேர்மையாகவே தோன்றும். ஆனால் நகரத்துக்கு அப்பால், குடாவின் தென்கரையில் வாழ்ந்த தமிழ்க் கிராமத்தவர்க்கு நேரே பதில் சொல்லக் கடமைப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இலராயினர். அவர் வாக்கு அழியவில்லை; ஆயினும் வென்றவர் வெற்றிக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படாத வாக்கை நாடி வருவோர் யார்?

1977 இன் பின் 17 ஆண்டு தங்கத்துரை அவர்கள் பாராளுமன்றத்தில் இல்லை. அப்பதினேழு ஆண்டுகள் நம் நாட்டின் எரியாண்டுகள். 1983 இல் ஆறாம் திருத்தம் வந்தது; பிரிவினையை மறுத்துச் சத்தியஞ் செய்ய இசையாத கூட்டணி உறுப்பினர் ஆசனமிழந்தனர். அவையில் தமிழ்க்குரல் மெலிந்தது. வெளியே வெடியோசை வலுத்தது. தூதுவர் நீங்கிய இடத்தைப் படைக்கலம் நிரப்பியது என்று சொன்னால் அது மிகையாகாது.

மீண்டும் அவைக்கு

1978 ஆம் ஆண்டு யாப்பு, தொகுதி முறையை நீக்கி விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. பாராளுமன்றத் தேர்தலில் அது முதன்முதல் நடைமுறைக்கு வந்தது 1989 இல். மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. திருக்கோணமலை மாவட்டத்துக்கு ஆசனம் 4. வாக்காளர் முதலிற் கட்சிக்கு வாக்களிப்பர். பின் அக்கட்சியின் வேட்பாளருள் மூவர்வரை தம் விருப்பைக் காட்டுவர்.

இம்முறையின் குறைகள் பல. எந்த ஊருக்கு எந்த உறுப்பினர் பொறுப்பு என்பது தெளிவின்றிப் போதல் அவற்றுட் பெரிது. ஒரே கட்சியின் வேட்பாளர் தம்முள் மோதுதல் இன்னொன்று. ஆயினும் கோடுகளால் வெளியே தள்ளப்பட்ட சிற்றூர் வாக்குக்களை மீளவும் ஒருங்கு சேர்க்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. 1994 ஓகஸ்ற் தேர்தலில் அது புலனாயிற்று. தமிழர் விடுதலைக் கூட்டணி நாட்டிற் பெற்ற ஆசனங்கள் ஐந்தே. திருக்கோணமலையில் அதற்குக் கிடைத்தது ஒன்று. அவ்வோர் ஆசனம், விருப்பு வாக்குக்களில் முன்னின்ற தங்கத்துரை அவர்களுக்குச் சென்றது. நகரின் முன்னாள் உறுப்பினரும் வழக்கறிஞருமாகிய சம்பந்தன் அவர்கள் இரண்டாமிடம் பெற்றார். கிளிவெட்டியிலிருந்து வந்தவரை மாவட்டம் முழுவதுமிருந்த தமிழ் வாக்காளர் முதல்வராகத் தெரிந்தமை, கிராமத்துக்குக் கிடைத்த மதிப்பென்றே கொள்ளத்தக்கது.

அவர் இம்முறை ஏற்ற தூது முன்னையதினும் கொடிது. 1970 களில் அவர் கேட்க வேண்டியிருந்தவை நிலமும் நீரும் நியாயமும். 1990 களிலோ உயிரைக் கேட்க வேண்டியிருந்தது. 1995 ஏப்பிரலில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான பேச்சு முறிந்தது. அவ்வாண்டு ஓகஸ்றில் அரசு அதிகாரப் பகிர்வுத் திட்டமொன்றை வெளியிட்டது. கூட்டணி அதனை ஆராய்ந்து பேசும் வழியை மேற்கொண்டது. இதற்கிடையே 1996 பெப்புருவரி 11 இல் கிளிவெட்டிக்கு அயலிலுள்ள குமாரபுரத்தில் பெண்களும் சிறுவர்களுமாக இருபதுக்கு மேற்பட்ட தமிழ்க் குடிமக்கள் படுகொலையுண்டனர். இராணுவத்தினர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. இருபதாண்டு இழுபட்ட அவ்வழக்கில் 2016 யூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் எதிரிகள் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். தம் பிறந்த ஊரின் அயலிலே இவ்வாறு நிகழ, அதே அரசின் அவையில் அமர்ந்து அதனோடு பேச வேண்டிய உறுப்பினரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பேசாது வெளியேறினால் மக்களுக்கு வாயில்லை. அமர்ந்து பேசினால் ஒரு சாராரின் ஐயத்துக்கு ஆளாக வேண்டும்.

அவர் பேசும் வழியையே பற்றி நின்றார். 1997 யூலை 5 ஆம் நாள், திருக்கோணமலை நகரிலுள்ள சிறீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் விழாவொன்றிற் கலந்துகொண்ட வேளை, கைக்குண்டுத் தாக்குதலுக்கு இரையானார். கல்லூரியின் அதிபர் உள்ளிட்ட வேறு சிலரும் உயிரிழந்தனர். படைத்தளத்திலன்று, போர்க்களத்திலன்று, மாணவியர் பயிலும் பள்ளி வளவிலே.

தூதரைக் கொல்லலாகாது

இலங்கை மண்ணோடு தொடர்புடைய பழங்கதையொன்றில் இதற்கொரு நீதி உண்டு. அனுமன் சிறைப்பட்டு இராவணன் அவையில் நிறுத்தப்பட்டபோது, அவனைக் கொல்லுமாறு ஆணை பிறந்தது. அங்கே எழுந்து தடுத்தவன் வீடணன். தூதனாய் வந்தவனைக் கொல்லுதல் எந்நாட்டு அரசநீதியிலும் இல்லை என்பதே அவன் வாதம். அசோகவனத்தை அழித்தவன், அரசகுமாரனைக் கொன்றவன் என்ற குற்றங்கள் அனுமன்மேல் இருந்தும், இராவணனே அந்நீதிக்கு இணங்கினான். கம்பன் கவியிற் பயின்ற நம் மாணவர் இதனை நன்கறிவர்.

அந்நீதி திருக்கோணமலை மாவட்டத்தில் எவ்வாறு போற்றப்பட்டது? மூதூர்த் தொகுதியின் பழைய பெயர்ப்பட்டியலை எடுத்துப் பார்ப்போம். 1970 இன் முதலாம் உறுப்பினர் அப்துல் மஜீத் அவர்கள் 1987 நவம்பரில் கொலையுண்டார். இரண்டாம் உறுப்பினர் தங்கத்துரை அவர்கள் 1997 யூலை 5 இல் கொலையுண்டார். அவர்களுக்குப் பின் 1977 இல் அத்தொகுதியின் தனி உறுப்பினராகிய மஹ்றூப் அவர்கள், தங்கத்துரை மறைந்து பதினைந்தாம் நாள், 1997 யூலை 20 இல் கொலையுண்டார். மூவருள் இருவர் முஸ்லிம்கள்; ஒருவர் தமிழர். மூவர் கட்சியும் வேறு. முடிவு மட்டும் ஒன்று. மூன்று கொலைகளுக்கும் விடுதலைப் புலிகளே பொறுப்பெனக் குற்றஞ்சாட்டப்பட்டது.

குற்றம் ஒரு பக்கத்ததே என்று எண்ணுதலும் தகாது. மட்டக்களப்பின் யோசப் பரராசசிங்கம் அவர்கள் 2005 நத்தார் வழிபாட்டின்போது தேவாலயத்திலே சுட்டுக்கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தின் நடராசா ரவிராஜ் அவர்கள் 2006 நவம்பரில் கொழும்பு வீதியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்விருவர் கொலையிலும் ஐயம் அரசோடு சார்ந்து நின்றவர்மேலேயே சென்றது. எப்பக்கத்தார் செய்யினும், மக்கள் அனுப்பிய ஒருவரைக் கொல்லும் கை, அவரை அனுப்பிய ஆயிரக்கணக்கானோரின் வாயைப் பொத்துகின்றது. பிரதிநிதி பிழைசெய்தால் அடுத்த தேர்தலில் அவரை நீக்கும் உரிமை மக்களுக்குண்டு. கொலைஞன் அவ்வுரிமையைப் பறித்துக் கொள்கின்றான். இறந்தவர்க்கு இழைத்த தீமையோடு, இருக்கும் வாக்காளர்க்கு இழைத்த தீமையும் அதனுள் அடங்கும்.

வாயிழந்த ஊர்களுக்கு நேர்வது யாது என்பதையும் கொட்டியாரமே காட்டிற்று. 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்குச் செல்லும் நீர் நின்றது. மதகைத் திறத்தற்கெனத் தொடங்கிய படையெடுப்பு நாடளாவிய போராயிற்று. முன்னாளில் ஒரு நீர்ப்பாசனக் கூட்டத்தில், வட்டவிதானையாரும் கமக்காரரும் உறுப்பினரும் அமர்ந்து பேசித் தீர்த்திருக்கக்கூடிய நீர்முறை, பீரங்கியினாற் பேசப்பட்டது. மூவினத்தாரும் அகதிகளாயினர். சம்பூர் மக்களுட் பலர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்து, 2015 இன் பின்னரே தம் நிலங்களுக்கு மீளத் தொடங்கினர்.

ஆசிரியர்க்கொரு பணி

தங்கத்துரை அவர்களின் வெற்றிடத்துக்கு 1997 இல் சம்பந்தன் அவர்கள் சென்றார். அவர் பின்னர் 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவராக விளங்கி, 2024 யூன் 30 இல் மறைந்தார். அவரைப்பற்றி எழுதுவோர் பலர். குடாவின் மறுகரையிலிருந்து வந்தவர்களைப்பற்றி எழுதுவோர் அரியர்.

தொகுதி முறையை மீளக் கொணர்தல் பற்றிய பேச்சு நாட்டில் அடிக்கடி எழுகின்றது. விகிதாசாரத்தையும் தொகுதியையும் கலந்து அமைக்கும் திட்டங்கள் பேசப்படுகின்றன. அப்பேச்சு மீளவும் எழும்போது மூதூரின் இரட்டை அங்கத்தவர் தொகுதியை நினைவூட்டுதல் நம் கடன். கலந்து வாழும் மக்களிடையே கோடு கிழிப்போர், ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கும் கோட்டையும் கிழிக்கலாம். இருவரும் வெல்லும் கோட்டையும் கிழிக்கலாம். இரண்டாவது வகை நம் நாட்டிலேயே இருந்தது. பதினேழு ஆண்டு நடைபெற்றது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தொகுதியின் பெயரால் அவைசென்றனர். இதைக் கற்பனை என்று ஒருவரும் தள்ள முடியாது.

இன்னும் ஒரு சிறு பணி, ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது. பாராளுமன்றத்திற் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் ஹன்சாட் என்னும் அறிக்கையில் அச்சாகியுள்ளது. மூதூரின் உறுப்பினர் மூவரும் அவையில் எழுந்து எவ்வூருக்காக எதனைக் கேட்டனர், அமைச்சர் யாது விடை பகர்ந்தார், கேட்டது கிடைத்ததா என்பன அப்பக்கங்களிற் கிடக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்து, கிளிவெட்டியிலும் கிண்ணியாவிலும் தோப்பூரிலுமுள்ள பாடசாலை நூலகங்களில் ஒவ்வொரு படி வைத்தல் வேண்டும். மஜீத் அவர்களின் பேச்சைத் தமிழ் மாணவன் படிக்கட்டும். தங்கத்துரை அவர்களின் பேச்சை முஸ்லிம் மாணவி படிக்கட்டும். தம் பாட்டனார் நடந்த குளக்கட்டுக்காக ஒருவர் கொழும்பில் எழுந்து நின்று கேட்டார் என்று அப்பிள்ளைகள் அறிவார்களாயின், அடுத்துச் செல்லும் தூதுவரை எவ்வாறு தெரிவது, எவ்வாறு கேள்வி கேட்பது, எவ்வாறு காப்பது என்பதைத் தாமே கற்றுக்கொள்வர்.